விஸ்கான்சினில் ஸ்னோமொபைல்: பதிவு, கிளப், பாஸ் – எதை முதலில் கட்டுவது?

மேடிசனுக்கு வந்து நான்காவது பனிக்காலத்தில்தான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. அலுவலக நண்பர் ஒருவர் வடக்கே மினோக்குவா பக்கம் கூட்டிப்போய் வாடகை ஸ்னோமொபைல் ஒன்றில், அதாவது பனிமேல் ஓடும் மோட்டார் வண்டியில், ஏற்றிவிட்டார். இங்கே யாரும் அதை முழுப் பெயரில் சொல்வதில்லை, ஸ்லெட்தான். மறு வருடம் இலையுதிர்காலத்தில் பழைய ஸ்லெட் ஒன்றை வாங்கினேன். அதற்கப்புறம் நான் பட்ட பாடு முழுவதும் எதை முதலில் செய்வது என்று தெரியாததால் வந்தது. வரி எவ்வளவு வரும் என்று தெரியாமல் கைக்காசு தீர்ந்தது. கிளப்புக்குச் சந்தா கட்டிவிட்டு, அதனால் 10 டாலருக்குக் கிடைக்க வேண்டிய பாஸை 30 டாலருக்கு வாங்கினேன். அந்தப் பாஸையும் ஒட்டாமல் ஸ்லெட்டில் இருக்கும் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய், பாதையில் சோதனை செய்யும் மாநில அதிகாரியான வார்டனிடம் நின்றேன்.

உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். விஸ்கான்சினில் நீங்கள் பணம் கட்ட வேண்டியது மூன்று இடங்களில். ஸ்லெட்டைப் பதிவு செய்வதற்கு ஒன்று, டிரெயிலில், அதாவது ஸ்லெட் ஓட்டுவதற்கான பனிப்பாதையில், ஓட்டும் பாஸுக்கு ஒன்று. இவை இரண்டும் டி.என்.ஆர். எனப்படும் மாநில இயற்கை வளத்துறைக்குப் போகும். மூன்றாவது, டிரெயில்களைப் பராமரிக்கும் உள்ளூர் ஸ்லெட் கிளப்புக்குக் கட்டும் சந்தா. அது கட்டாயமில்லை, ஆனால் பாஸின் விலையைத் தீர்மானிப்பது அதுதான். ஆகவே வரிசை இது: பதிவு, கிளப், பாஸ். கீழே உள்ள கட்டணங்கள் நான் கட்டியவை. நீங்கள் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. விற்பவரிடம் காசைக் கொடுப்பதற்கு முன்

கடையில் புது ஸ்லெட் வாங்கினால் தாள் வேலையைக் கடைக்காரரே பெரும்பாலும் பார்த்துக்கொள்வார், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தனி ஆளிடம் பழையது வாங்குகிறவர்கள்தான் மாட்டுவது.

மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, வண்டியின் அடையாள எண். இருக்கைக்குக் கீழே நீளமாக ஓடும் உலோக உடலை டன்னல் என்பார்கள். அதன் வலப்பக்கம், கால் வைக்கும் இடத்துக்கு அருகில் அந்த எண் பொறித்திருக்கும். பனியும் சேறும் ஒட்டிக் கிடக்கும், துடைத்துப் படியுங்கள். விற்பவர் கையில் இருக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் இதுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். இரண்டாவது, சான்றிதழில் இருக்கும் பெயர் விற்பவருடைய பெயர்தானா. ‘என் மச்சான் வண்டி, அவன் ஊரில் இல்லை’ என்றால் மச்சான் வரும்வரை பொறுங்கள். மூன்றாவது, விற்பனைச் சீட்டு. தேதி, விலை, ஸ்லெட்டின் தயாரிப்பாளர், மாடல், ஆண்டு, அடையாள எண், இருவர் பெயரும் முகவரியும் கையெழுத்தும் அதில் வர வேண்டும். அச்சடித்த படிவம் தேவையில்லை, வெள்ளைத் தாளில் எழுதினாலும் போதும். நான் இரண்டு பிரதி எழுதிக் கையோடு கொண்டுபோனேன். அது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்தது.

விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன், வரி குறையும் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். கையெழுத்துப் போடுவது நீங்கள்.

2. பதிவும் வரியும்

பொதுப் பாதையில் ஓட்டும் ஸ்லெட்டுக்குப் பதிவுக் கட்டணம் 30 டாலர், மூன்று ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே விஸ்கான்சின் பதிவு உயிரோடு இருக்கும் ஸ்லெட்டை வாங்கினால் பெயர் மாற்ற 5 டாலர். டி.என்.ஆரின் ‘கோ வைல்ட்’ என்ற இணையச் சேவையில் செய்யலாம், உரிமம் விற்கும் கடைகளிலும் டி.என்.ஆர். சேவை மையங்களிலும் செய்யலாம். கோ வைல்டில் ஒருமுறை கணக்குத் திறந்தால் உங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் எண் கிடைக்கும். அதை எழுதி வையுங்கள். மீன்பிடி உரிமம் முதல் ஸ்லெட் பாஸ் வரை எல்லாவற்றுக்கும் அதே எண்தான்.

என்னைக் கவிழ்த்தது விற்பனை வரி. தனி ஆளிடம் வாங்கிய பழைய பொருளுக்கு யார் வரி கேட்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நாற்காலி, மேசைக்கு அது சரி. ஸ்லெட், படகு, கார் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை, பதிவு செய்யும்போதே வரி கட்டியாக வேண்டும். மாநில வரி 5 விழுக்காடு, பெரும்பாலான கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அதற்கு மேல் அரை விழுக்காடு. நான் இருக்கும் டேன் கவுண்டியில் மொத்தம் 5.5. அதாவது 4,000 டாலர் ஸ்லெட்டுக்கு 220 டாலர். மில்வாக்கியில் இருப்பவர்களுக்கு 2024இலிருந்து இன்னும் கூடுதல். பதிவுக்கு 30 டாலர்தானே என்று போய் நின்றவனுக்கு 250 டாலர் ரசீது வந்தால் எப்படியிருக்கும்! விலை பேசும்போதே இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதிவானதும் தற்காலிக ரசீது கையில் கிடைக்கும். ஒட்டுவதற்கான வில்லைகள் தபாலில் வரும். முன்பகுதி மூடியின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். ஒட்டும் வேலையைக் குளிரில் செய்யாதீர்கள், பசை பிடிக்காது. ஸ்லெட்டை வீட்டுக் கராஜில் சூடாக்கி, துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள்.

இந்த 30 டாலரைப் பற்றி ஒரு சேதி. ஸ்லெட்டுக்கு நீங்கள் போடும் பெட்ரோலிலும் சாலை வரி இருக்கிறது, ஆனால் ஸ்லெட் சாலையில் ஓடுவதில்லை. அதனால் அந்த வரியில் ஒரு பங்கை மாநிலம் டிரெயில் கணக்குக்குத் திருப்பித் தருகிறது. யார் எவ்வளவு பெட்ரோல் போட்டார்கள் என்று பார்ப்பதில்லை. பதிவான ஒவ்வொரு ஸ்லெட்டுக்கும் ஆண்டுக்கு 50 கேலன் என்று வைத்து, அதன் வரியை 1.4 ஆல் பெருக்குகிறார்கள். கேலனுக்கு 30.9 சென்ட் வரி என்றால் ஒரு ஸ்லெட்டுக்கு 21 டாலர் 63 சென்ட். உங்கள் பதிவு காலாவதியாகிக் கிடந்தால் அந்தக் கணக்கில் ஒரு ஸ்லெட் குறையும். இந்த வருடம் ஓட்டப் போவதில்லையே என்று புதுப்பிக்காமல் விடும் நண்பர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

3. பாதுகாப்புச் சான்றிதழ்

1985 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள், 12 வயது நிறைந்திருந்தால், சான்றிதழ் இல்லாமல் பொது டிரெயிலில் ஓட்டக் கூடாது. கார் உரிமம் இதற்கு ஈடாகாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஓட்டினால் பெரியவர் அதே ஸ்லெட்டில் கூட உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரடி வகுப்பு 10 டாலர்தான். கிளப்புகளில் இருக்கும் தன்னார்வப் பயிற்றுநர்கள் நடத்துவது, பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் வரும், இடம் சீக்கிரம் நிரம்பும். இணைய வகுப்புக்குச் சுமார் மூன்று மடங்கு ஆகும், ஆனால் இரவு பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து முடிக்கலாம். நேரடி வகுப்புக்கே போங்கள் என்பேன். ஏரிப் பனிக்கட்டியின் கனத்தைப் பற்றி அங்கே வந்த பெரியவர் ஒருவர் சொன்ன பத்து நிமிடம் எந்த இணையப் பாடத்திலும் இல்லை. அப்புறம், எந்தக் கிளப்பில் சேரலாம் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

4. கிளப்: கணக்குப் போட்டு, பொறுமையாக

பாஸின் விலை மூன்று வகை. விஸ்கான்சினில் பதிவான ஸ்லெட்டுக்கு 30 டாலர். அதே ஸ்லெட்டின் உரிமையாளர் ஒரு கிளப்பிலும், கிளப்புகளின் மாநிலச் சங்கமான ஏ.டபிள்யூ.எஸ்.சி.யிலும் உறுப்பினராக இருந்தால் 10 டாலர். வேறு மாநிலத்தில் பதிவான ஸ்லெட்டுக்கு 50 டாலர்.

‘ஒரு கிளப்பிலும், மாநிலச் சங்கத்திலும்’ என்பதைக் கவனியுங்கள். உள்ளூர்க் கிளப்பில் மட்டும் சேர்ந்தால் போதாது. பல கிளப்புகளில் சந்தாவுக்குள்ளேயே சங்க உறுப்பினர் கட்டணமும் அடங்கியிருக்கும். சிலவற்றில் தனியாகக் கேட்பார்கள், சிலவற்றில் ‘ஆதரவாளர்’ என்று ஒரு மலிவான வகை வைத்திருப்பார்கள், அதில் சங்க உறுப்பினர் எண் வராது. படிவத்தில் சங்கத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசோலை எழுதுங்கள். ஆம், பல சின்னக் கிளப்புகளில் இன்னும் காசோலைதான்.

லாபமா என்று கேட்பீர்கள். நான் சேர்ந்த கிளப்பில் சங்கக் கட்டணத்தோடு ஆண்டுச் சந்தா 40 டாலர். ஸ்லெட் ஒன்று என்றால் கிளப் வழியில் 40உம் 10உம் சேர்ந்து 50. சேராமல் வாங்கினால் 30. நஷ்டம்தான். இரண்டு ஸ்லெட் என்றால் இரண்டு வழியும் 60. மூன்று என்றால் 70க்கு எதிராக 90, அங்கேதான் லாபம் தொடங்கும். ஒற்றை ஸ்லெட் வைத்திருப்பவரிடம் ‘கிளப்பில் சேர்ந்தால் மிச்சம்’ என்று யாராவது சொன்னால் அவர் கூட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இருந்தும் நான் ஒற்றை ஸ்லெட்டோடு சேர்ந்திருக்கிறேன். காரணம், பணம் போகும் வழி. பதிவுக்கும் பாஸுக்கும் கட்டும் பணம் மாநிலக் கணக்குக்குப் போய், அங்கிருந்து கவுண்டிக்கு வந்து, கவுண்டி வழியாகக் கிளப்புக்கு வரும். அடிப்படை உதவித்தொகை டிரெயில் மைலுக்கு 300 டாலர். அதில் பலகை நட வேண்டும், புதர் வெட்ட வேண்டும், சின்னப் பாலங்களைப் பழுது பார்க்க வேண்டும், இரவு இரவாகப் பாதையைச் சமன்படுத்தும் குரூமர் வண்டிக்கு டீசல் போட வேண்டும். புதுக் குரூமர் ஒன்றின் விலை இரண்டு லட்சம் டாலரைத் தாண்டும். செலவு கூடினால் கூடுதல் உதவி கேட்கலாம், அதற்கு ஒவ்வொரு ஓட்டத்தையும் மாநிலத்தின் கணினிப் பதிவு முறையில் ஏற்றிக் காட்ட வேண்டும். குரூமரை ஓட்டுபவர் பகலில் பால் பண்ணையிலோ பள்ளிப் பேருந்திலோ வேலை செய்பவர். உங்கள் சந்தா அப்படிச் சுற்றி வராமல் நேரடியாகக் கிளப்பிடம் சேரும். நிலக்காரர்களுக்கு வருடத்துக்கு ஒரு விருந்து வைப்பது, குரூமருக்குத் திடீரென்று வரும் பழுது, எல்லாம் அதிலிருந்துதான்.

நிலக்காரர்கள் என்றதும் சொல்லிவிடுகிறேன். இந்த டிரெயில்களில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் ஓடுகிறது. விவசாயி அறுவடை முடித்தபின் வரப்போரம் போக அனுமதி தருகிறார். எவனோ ஒருவன் பாதையை விட்டு வயலுக்குள் புகுந்து குளிர்காலக் கோதுமையை நாசம் செய்தால், அடுத்த வருடம் அவர் வாசலை அடைத்துவிடுவார், இரண்டு ஊருக்கு நடுவே பாதை அறுந்துபோகும். பாஸ் வாங்கியவனுக்கு அந்த நிலத்தில் எந்த உரிமையும் கிடையாது. அவர் விடுகிறார், நாம் போகிறோம்.

எந்தக் கிளப்பைத் தேர்ந்தெடுப்பது? வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில்தான் சேர வேண்டும் என்று சட்டமில்லை. மேடிசனில் இருந்துகொண்டு வார இறுதி முழுக்க வடக்கே வைலஸ் கவுண்டியிலோ ஒனைடா கவுண்டியிலோ ஓட்டுகிறீர்கள் என்றால் அங்கே ஒரு கிளப்புக்குக் கட்டுங்கள், நீங்கள் தேய்க்கும் பாதைக்கு அது போகும். ஆனால் வேலையும் செய்ய ஆசை என்றால் பக்கத்துக் கிளப்தான் சரி. நவம்பரில் சோள வயலோரம் குச்சி நட ஒரு சனிக்கிழமை போனேன். அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்ட ஆட்கள்தான் இன்றுவரை என் ஸ்லெட் படுத்துக்கொண்டால் வந்து இழுப்பவர்கள்.

இப்போது பொறி. சந்தா கட்டிய அன்றே உறுப்பினர் எண் வந்துவிடாது. கிளப் பொருளாளர் தன்னார்வலர். அவர் காசோலையைப் பிரித்து, பெயரை ஏற்றி, சங்கத்துக்கு அனுப்பி, எண் திரும்பி வர வாரங்கள் ஆகலாம். எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் டிசம்பர் முதல் வாரம் கட்டினேன், பனி வரும் என்று வானிலைக்காரர் சொன்னார், பொறுமை இழந்து 30 டாலர் பாஸை வாங்கிவிட்டேன். பாஸ் வாங்கிய ஐந்தாம் நாள் எண் வந்தது. வாங்கியபின் எண்ணைக் காட்டிப் பயனில்லை. செப்டம்பரில் கட்டுங்கள், அவ்வளவுதான். பழைய உறுப்பினர் என்றால் சந்தா புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போன வருட எண்ணைப் போட்டுவிட்டு விலை ஏன் குறையவில்லை என்று திரையைத் திட்டியவர்கள் உண்டு.

பெயரும் பொருந்த வேண்டும். கிளப்பில் ‘ரவி’ என்றும் பதிவில் முழு நீளப் பாஸ்போர்ட் பெயரும் கொடுத்தால் சிக்கல் வரலாம். நம் ஊர்க்காரர்களுக்கு அப்பா பெயர் எது, குடும்பப் பெயர் எது என்ற பழைய குழப்பம் இங்கேயும் உண்டு. டி.என்.ஆர். கணக்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே கிளப் படிவத்திலும் எழுதுங்கள்.

5. பாஸ் வாங்குவதும் ஒட்டுவதும்

பாஸ் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை. பிப்ரவரியில் வாங்கினாலும் அதே விலை, அதே ஜூன் 30இல் முடியும். பாஸ் ஆளுக்கு இல்லை, ஸ்லெட்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஒன்றிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்ட முடியாது.

கோ வைல்டில் நுழைந்து, உங்கள் ஸ்லெட்டைத் தேர்ந்தெடுத்து, சங்க உறுப்பினர் எண்ணைப் போடுங்கள். விலை 10 என்று திரையில் மாறுகிறதா என்று பார்த்தபின் மட்டும் பணம் கட்டுங்கள். 30 என்று நின்றால் மூடிவிட்டுக் கிளப் பொருளாளரைக் கூப்பிடுங்கள்.

தபாலில் பாஸ் வரும்வரை தற்காலிக ரசீது போதும், அதை அச்சடித்துச் சட்டைக்குள் வையுங்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியில் கைபேசி செத்துப்போகும். பாஸ் வந்ததும் கூட வரும் குறிப்பில் சொன்ன இடத்தில் ஒட்டிவிடுங்கள். நான் வைத்ததுபோல் பெட்டிக்குள் வைத்தால் வாங்காததற்குச் சமம். என்னை நிறுத்திய வார்டன் எச்சரித்து விட்டுவிட்டார், அங்கேயே அவர் கண்முன்னால் ஒட்டினேன். குளிரில் ஒட்டியதால் வீடு வருவதற்குள் ஒரு மூலை கிளம்பிவிட்டது.

6. இலினாய், மினசோட்டாவிலிருந்து வருகிறவர்களுக்கு

சிகாகோப் பக்கம் நம் ஆட்கள் நிறைய, அதனால் இது. உங்கள் மாநிலப் பதிவு இங்கே செல்லும், ஆனால் பாஸ் 50 டாலர். வருடத்துக்கு ஒரே ஒரு வார இறுதி என்றால் அதைக் கட்டிவிட்டுப் போங்கள், யோசிக்க ஒன்றுமில்லை.

அடிக்கடி வருவீர்கள் என்றால் ஸ்லெட்டை விஸ்கான்சினிலேயே பதிவு செய்வது இன்னொரு வழி. பாஸ் விலையை முடிவு செய்வது ஸ்லெட்டின் பதிவு, உங்கள் முகவரி கிடையாது. மூன்று வருடக் கணக்கு: வெளிமாநிலப் பதிவோடு பாஸ் மட்டும் 150 டாலர். இங்கே பதிவு 30, பாஸ் மூன்று முறை 30 வீதம் 90, ஆக 120. கிளப்பில் சேர்ந்து 10 வீதம் என்றால் பதிவும் பாஸும் 60, அதன் மேல் சந்தா. ஆனால் ஊரில் உங்கள் மாநிலத்து டிரெயில்களிலும் ஓட்டுவீர்கள் என்றால் அங்குள்ள சட்டம் தனிப் பதிவு கேட்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: இதில் இந்த வருடப் பாஸ் ஒட்டியிருக்கிறதா? பதிலை நம்பாமல் கண்ணால் பாருங்கள். பாதுகாப்புச் சான்றிதழ் வாடகை ஸ்லெட்டுக்கும் தேவை.

7. கிளம்பும் காலை

பாஸ் இருப்பதால் டிரெயில் திறந்திருக்கும் என்று பொருளில்லை. திறப்பதும் மூடுவதும் கவுண்டிக்குக் கவுண்டி தனி, சில இடங்களில் பகுதி பகுதியாக. தரை உறைந்து பனி போதுமான அளவு நின்றால்தான் திறப்பார்கள். காலையில் திறந்திருப்பது மதியம் மழை பெய்தால் மூடும். நீங்கள் போகும் கவுண்டியின் அன்றைய அறிவிப்பைப் பார்த்த பிறகே காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லரில் ஸ்லெட்டை ஏற்றுங்கள். மூடிய டிரெயிலில் ஓட்டினால் அபராதம் ஒரு பக்கம், நிலக்காரர் கோபம் மறுபக்கம்.

பனி வராவிட்டால் கட்டிய பணம் திரும்பாது. நான் முதன்முதலாகப் பாஸ் வாங்கியது எந்த வருடம் தெரியுமா? 2023–24. விஸ்கான்சின் கண்டதிலேயே மிகச் சூடான குளிர்காலம். என் வீட்டுப் பக்கம் புல் தெரிந்தது. வார்டன் என்னைப் பிடித்த அந்த ஒரு நாளைத் தவிர ஸ்லெட் கராஜில்தான் கிடந்தது.

கையில் இருக்க வேண்டியவை: பதிவுச் சான்றிதழ், பாதுகாப்புச் சான்றிதழ், ஓட்டுநர் அடையாள அட்டை, பாஸ் இன்னும் தபாலில் இருந்தால் அதன் ரசீது. எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லெட்டின் பெட்டியில் வைத்தால் நனையும்.

மாதக் கணக்காகச் சொன்னால்: கோடையில் ஸ்லெட் வாங்குங்கள், விலை இறங்கியிருக்கும். வாங்கிய வாரமே பதிவு. செப்டம்பரில் கிளப். அக்டோபரில் வகுப்பு, இடையில் உறுப்பினர் எண் வந்திருக்கும். நவம்பர் நடுவில் பாஸ். முதல் வருடம் எனக்கு ஸ்லெட் விலை போக வரி 220, பதிவு 30, வகுப்பு 10, சந்தா 40, பாஸ் 30, ஆக 330 டாலர் ஆனது. அதில் 20 டாலர் என் அவசரத்தின் விலை.